‘யாழ்ப்பாணம்’ எத்தனை எழுத்து?

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் உயர்தரப் பிள்ளைகளுக்கு நான் பைதன் என்ற நிரல்மொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பின்னேரம், நிரலில் உரையை வைத்திருக்கும் சரங்களைப் பற்றிய பாடம். தமிழில் தட்டெழுதிப் பிரதி எடுத்துக் கொடுத்த குறிப்பில், லென் என்ற சார்புக்கு, அதாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்து விடை தரும் நிரல் துண்டுக்கு, ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன்: “சரத்தில் உள்ள எழுத்துகளின் எண்ணிக்கையைத் தரும்.” பின் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை, நான் கொடுத்த ஆங்கில உதாரணத்தை விட்டுவிட்டு ‘யாழ்ப்பாணம்’ என்று தட்டிப் பார்த்திருக்கிறாள். திரையில் 11 வந்தது.

“சேர், யா, ழ், ப், பா, ண, ம். ஆறு எழுத்துத்தானே? இது பதினொண்டு எண்டு காட்டுது.”

பைதன் தந்த எண் சரி. அவள் விரல் மடித்து எண்ணியதும் சரி. என் குறிப்பில் இருந்த ‘எழுத்து’ என்ற சொல்தான் பிழை. அந்த ஒரு சொல்லைத் திருத்தப் போய், சரங்களைக் கையாளும் சார்புகள் எல்லாவற்றுக்கும் நான் எழுதி வைத்திருந்த தமிழ் விளக்கத்தை முதலிலிருந்து எழுத வேண்டி வந்தது. ஏன் அப்படி ஆனது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் பைதனின் சொந்த ஆவணத்தைப் பார்ப்போம். லென் பற்றி அது சொல்வது, ஒரு பொருளில் உள்ள உருப்படிகளின் எண்ணிக்கை என்பது மட்டும். சரம் என்றால் என்ன என்று இன்னொரு பக்கத்தில் இருக்கிறது: யூனிகோட் (உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொதுத் தரம்) குறியெண்களின் மாற்ற முடியாத வரிசை. இரண்டையும் சேர்த்து வாசித்தால் 11 விளங்கிவிடும். ஆனால் ஆங்கிலத்தில் நிரல் எழுதுகிற ஒருவருக்கு அந்த இரண்டாவது பக்கம் தேவைப்படுவதே இல்லை. ஆங்கிலச் சொல்லில் கண் காணும் எழுத்தும், கணினி வைத்திருக்கும் குறியெண்ணும், கோப்பில் பிடிக்கும் பைட் என்ற இட அளவும் ஒரே எண்ணிக்கையில் வந்துவிடும். மூன்றும் ஒன்றுபோலத் தெரிவதால் எதை எண்ணுகிறோம் என்று கேட்க வேண்டிய தேவை வராது. தமிழில் முதல் சொல்லிலேயே அந்தக் கேள்வி வந்துவிடுகிறது.

மூன்று எண்ணிக்கை

யூனிகோட்டில் தமிழுக்கு ஒதுக்கியிருப்பது 128 இடங்கள், 2944 தொடக்கம் 3071 வரை. நம் நெடுங்கணக்கில் எழுத்து 247. ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இடம் என்ற கணக்கு அங்கே இல்லை. உயிர் 12, ஆய்தம், அகரமேறிய மெய் 18, சில கிரந்த எழுத்துகள், பிறகு கால், கொம்பு, விசிறி போன்ற உயிர்க்குறிகள், ஒரு புள்ளி. மற்ற எல்லாவற்றையும் இவற்றைக் கோத்துத்தான் உண்டாக்க வேண்டும். இந்த அமைப்பு இந்தியாவில் 1988 இல் வகுத்த இஸ்கி என்ற குறிமுறையைப் பின்பற்றி வந்தது. இந்திய எழுத்துகள் பலவற்றை ஒரே சட்டகத்துக்குள் அடுக்கப் பார்த்த குறிமுறை அது.

இலக்கண வகுப்பில் படித்ததை இங்கே தலைகீழாக்கிப் பார்க்க வேண்டும். க் என்ற மெய்யோடு அ என்ற உயிர் சேர்ந்தால் க என்று படித்தோம். கணினிக்கு க தான் அடிப்படை. அதன் எண் 2965. அதற்குப் பின்னால் புள்ளியின் எண்ணான 3021 வந்தால் அது க் ஆகும். இலக்கணத்தில் எளிமையான மெய், கணினியில் இரண்டு துண்டு.

இப்போது ‘யாழ்ப்பாணம்’ என்பதைப் பிரிப்போம். ய, கால், ழ, புள்ளி, ப, புள்ளி, ப, கால், ண, ம, புள்ளி. பதினொன்று. பிள்ளை கண்ட 11 இதுதான்.

மூன்றாவது எண்ணும் உண்டு. இந்தக் குறியெண்களைக் கோப்பில் எழுதும்போது பெரும்பாலும் யூடிஎஃப் 8 என்ற முறையில் எழுதுகிறோம். 1992 இல் கென் தொம்சனும் ரொப் பைக்கும் உருவாக்கியது. அதில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். 11 ஐ 3 ஆல் பெருக்கினால் 33. அதே இருவரும் ரொபர்ட் கிரீஸ்மரோடு சேர்ந்து செய்த கோ மொழியில் லென் என்று கேட்டால் 33 என்றுதான் வரும். ரஸ்ட் மொழியிலும் 33. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் இரண்டு பைட் கொண்ட அலகுகளை எண்ணுவதால் அங்கே 11. 2014 இல் வந்த ஸ்விஃப்ட் மொழி, ஒரு வாசகர் ஓர் எழுத்தாகப் பார்க்கும் கொத்தை எண்ணி 6 என்று தரும். பிஎச்பியில் ஒரே மொழிக்குள் மூன்று சார்பு: ஸ்ட்ர்லென் 33, எம்பி ஸ்ட்ர்லென் 11, கிராஃபீம் ஸ்ட்ர்லென் 6.

இவற்றில் எது சரி என்று பிள்ளைகள் கேட்பார்கள். எல்லாமே தாம் எண்ணுவதாகச் சொல்வதைச் சரியாகத்தான் எண்ணுகின்றன. கோப்பின் அளவுக்கு 33 வேண்டும். நிரலில் ஓர் இடத்தைச் சுட்டுவதற்கு 11 வேண்டும். பெயர்ப்பலகைக்கு எழுத்து வெட்டுபவர் எண்ணிக் காசு கேட்பது 6 க்குத்தான். எதை எண்ணுகிறது என்பதை அந்த வரியிலேயே சொல்லாத விளக்கம் தமிழ் வாசகருக்கு உதவாது.

சொல்லைத் தெரிவது

தமிழில் ‘எழுத்து’ என்பது லேசாகக் கையாளக்கூடிய சொல் இல்லை. ஆங்கிலத்தில் இந்த இடத்தில் வரும் சொல் கொஞ்சம் மங்கலானது. அடையாளம், குறி, எழுத்து எல்லாவற்றுக்கும் பொருந்தும். நமக்கு எழுத்து என்றால் எது, அது எத்தனை, எப்படிப் பிறக்கிறது என்று இலக்கணமே வகுத்து வைத்திருக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் ழ் ஓர் எழுத்து என்று தெரியும். அந்தச் சொல்லை எடுத்து 11 என்ற எண்ணுக்குப் பெயராக வைத்தால், ஆவணம் பொய் சொல்கிறது என்றுதான் பிள்ளை எடுக்கும். அப்படி எடுப்பது நியாயமும் கூட.

இந்த ஊரில் இந்த வேலை புதிதும் இல்லை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவ மிசனரி சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்தார். பின்னர் தமிழிலேயே படிப்பித்து, ஆங்கில மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒவ்வொரு நோய்க்கும் சொல் தேட வேண்டியிருந்தது. தமிழில் ஏற்கெனவே இருக்கும் சொல்லை எடுப்பதா, வடமொழியில் இருந்து எடுப்பதா, ஆங்கிலத்தையே வைப்பதா என்ற கேள்வி அன்றைக்கும் இதேதான். ஒரு சொல் தவறினால் அங்கே நோயாளிக்கு ஆபத்து. எங்கள் வேலையில் அவ்வளவு இல்லை. ஆனாலும் ஒரு பெயர்ப்பட்டியல் முழுக்கப் பிழைத்துப்போகும்.

நான் தெரிந்தெடுத்த மூன்று சொற்கள் இவை. கண் பார்க்கும் ஆறுக்கு ‘எழுத்து’. கணினி வைத்திருக்கும் பதினொன்றுக்கு ‘குறியெண்’. கோப்பில் பிடிக்கும் முப்பத்து மூன்றுக்கு ‘பைட்’. குறியெண்ணுக்குப் பதிலாக ‘வரியுரு’ என்று எழுதிப் பார்த்தேன். பிள்ளைகள் அதை எழுத்துரு, அதாவது ஃபொன்ட், என்று எடுத்துவிட்டார்கள். அதனால் விட்டுவிட்டேன். சார்பு என்ற சொல் கணக்குப் பாடத்தில் இருந்து அவர்களுக்குப் பழக்கம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் செயற்கூறு என்று வரும். என் குறிப்பின் முன்பக்கத்தில் இரண்டும் ஒன்று என்று ஒரு வரி போட்டிருக்கிறேன். இணையத்தில் தேடும் பிள்ளைக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

பெயர்ச்சொல்லை விட வினைச்சொல்லில்தான் கூடுதலாகத் தவறுகிறோம் என்பது எழுத எழுதத்தான் தெரிந்தது. ரிப்ளேஸ் என்ற சார்புக்கு “சரத்தில் உள்ள ஒன்றை இன்னொன்றாக மாற்றும்” என்று எழுதுவது சுலபம், வாசிக்கவும் நல்லாயிருக்கும். ஆனால் பைதனில் மூலச் சரம் மாறுவதே இல்லை. ஆங்கில ஆவணம் கவனமாக, மாற்றிய ஒரு பிரதியைத் தரும் என்கிறது. தமிழாக்கும்போது அந்தப் ‘பிரதி’ விழுந்துவிடுகிறது. பிள்ளை ரிப்ளேஸ் செய்துவிட்டுப் பழைய மாறியை (மூலச் சரத்துக்கு நிரலில் வைத்த பெயரை) அச்சிடும், ஒன்றும் மாறவில்லை என்று அரை மணித்தியாலம் இருந்து தலையைச் சொறியும். இப்போது எல்லா வரியையும் ‘தரும்’ என்று முடிக்கிறேன்: “மாற்றிய புதிய சரத்தைத் தரும், பழையது அப்படியே இருக்கும்.” அழகு குறைவுதான். ஆனால் பிள்ளை ஏமாறாது.

‘வரை’யும் அப்படித்தான். சரத்தில் ஒரு துண்டை வெட்ட 3, 6 என்று கொடுத்தால் 3, 4, 5 ஆம் இடங்கள் வரும், 6 வராது. “3 தொடக்கம் 6 வரை” என்று எழுதினால் தமிழ் வாசகர் 6 ஐயும் சேர்த்துத்தான் எண்ணுவார். திங்கள் தொடக்கம் வெள்ளி வரை கடை திறந்திருக்கும் என்றால் வெள்ளிக்கிழமையும் திறந்திருக்கும்தானே. “3 இல் தொடங்கி, 6 க்கு முன்னால் நிற்கும்” என்று எழுதினால் கேள்வி வருவதில்லை.

பலவும் சிலவும்

தமிழ் வாசகருக்கு வேண்டிய எச்சரிக்கை ஆங்கில ஆவணத்தில் ஏன் இருக்காது என்பதற்கு என்னிடம் உள்ள மிகத் தெளிவான உதாரணம் ஈஸ்அல்ஃபா. சரம் முழுக்க எழுத்தாகவே இருக்கிறதா என்று பார்த்து ஆம், இல்லை என்று சொல்லும் சார்பு. படிவத்தில் பெயர்ப் பெட்டிக்குள் யாரும் இலக்கத்தைத் தட்டிவிடக் கூடாது என்று தடுக்கப் பிள்ளைகள் இதைத்தான் பாவிப்பார்கள்.

‘பல’ என்று கொடுங்கள். ஆம் என்று வரும். ‘சில’ என்று கொடுங்கள். இல்லை என்று வரும்.

காரணம், யூனிகோட் ஒவ்வொரு குறியெண்ணுக்கும் ஒரு வகை கொடுத்திருக்கிறது. ப, ல, ச எல்லாம் எழுத்து என்ற வகை. சி யில் இருக்கும் விசிறி, எழுத்தோடு ஒட்டி வரும் அடையாளம் என்ற இன்னொரு வகை. கால், கொம்பு, புள்ளி எல்லாம் அந்த வகைதான். ஈஸ்அல்ஃபா எழுத்து வகையை மட்டும் ஏற்றுக்கொள்ளும். எந்த வகைகள் என்று பைதன் ஆவணத்தில் ஒவ்வொன்றாகச் சொல்லித்தான் இருக்கிறது. அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலை வாசித்து, அப்படியானால் நம் பெயர்களில் அநேகமாக எல்லாமே தோற்றுப்போகும் என்று ஊகிக்க ஒரு பதினேழு வயதுப் பிள்ளையால் முடியாது. அதைச் சொல்ல வேண்டியது தமிழில் எழுதுகிறவர். இத்தனைக்கும் அதே பைதனில் ‘சில’ என்று ஒரு மாறிக்குப் பெயர் வைத்தால் தாராளமாக ஏற்றுக்கொள்ளும். பெயர் வைக்கும் விதி வேறு, ஈஸ்அல்ஃபாவின் விதி வேறு.

இதே குணம், உரையில் ஒரு வடிவத்துக்குப் பொருந்துவதைத் தேடும் பைதனின் ரீ தொகுதிக்கும் உண்டு. சொல்லின் பகுதி என்ற குறியைப் போட்டுச் சொற்களைப் பொறுக்கச் சொன்னால், ‘யாழ்ப்பாணம்’ என்ற ஒரே சொல் ய, ழ, ப, ப, ணம என்று ஐந்து ‘சொல்’லாக வரும். கால்களும் புள்ளிகளும் வேலி மாதிரி இடையில் நின்றுவிடும். கட்டுரையில் எத்தனை சொல் என்று எண்ணும் நிரலை இப்படி எழுதினால் வரும் எண்ணுக்கும் உண்மைக்கும் சம்பந்தமே இருக்காது. வெற்றிடத்தை வைத்துப் பிரிக்கும் ஸ்பிளிட் எவ்வளவோ மேல்.

பலவையும் சிலவையும் விடுவதற்கு முன் ரிப்ளேஸையும் பார்த்துவிடுவோம். ஒரு கட்டுரையில் ‘பல’ வருகிற இடமெல்லாம் ‘சில’ ஆக்க வேண்டும். ஒரு வரி நிரல். அந்தக் கட்டுரையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்று வந்தால் அது யாழ்ப்பாணப் சில்கலைக்கழகம் ஆகிவிடும். ‘பல்’ என்பதன் முதல் இரண்டு குறியெண்கள் ப, ல. புள்ளி மூன்றாவது. தேடும் சார்பு முதல் இரண்டையும் கண்டவுடன் பொருந்தியது என்று எடுக்கும். நம் கண்ணுக்கு ல வும் ல் உம் வேறு எழுத்து. அதற்கு ல் என்பது ல வும் இன்னொன்றும்.

விகுதியைத் தேடும்போது

தமிழ் விகுதிகளால் வளரும் மொழி. அதனால் எண்ட்ஸ்வித் என்ற சார்பைப் பிள்ளைகள் ஆசையாகப் பிடித்துக்கொள்வார்கள். ‘வயலில்’ என்பது ‘இல்’ என்று முடிகிறதா என்று கேட்டால் இல்லை என்று வரும். காது கேட்பது இல். சரத்தில் இருப்பது விசிறியும் ல வும் புள்ளியும். தனி இ யின் எண்ணும் விசிறியின் எண்ணும் வேறு. ஆகவே தேட வேண்டியது ‘ில்’ என்று, பார்க்கவே அந்தரமான, அரைகுறையான ஒரு சரத்தை.

அப்புறம் அதை வெட்டுவது. பைதனின் ஆர்ஸ்ட்ரிப், கொடுத்த சரத்தை முழு விகுதியாக எடுப்பதில்லை. அதில் உள்ள குறியெண்கள் எது கடைசியில் நின்றாலும் ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே போகும். ‘வயலில்’ என்பதில் ‘ில்’ ஐ உரிக்கச் சொன்னால் புள்ளி போகும், ல போகும், விசிறி போகும், அடுத்து நிற்பதும் ல என்பதால் அதுவும் போகும். மிச்சம் ‘வய’. வயலே இல்லை. ஆங்கிலத்திலும் பலர் இந்தக் குழியில் விழுந்திருக்கிறார்கள். அதனால்தான் 2020 இல் வந்த பைதன் 3.9 இல் ரிமூவ்சஃபிக்ஸ் என்ற புதிய சார்பைச் சேர்த்தார்கள். அது ‘வயல’ என்று தரும். புள்ளியை நாம்தான் வைக்க வேண்டும். இரண்டு சொல் சேரும்போது புள்ளி போய் உயிர் ஏறும் என்று புணர்ச்சியில் படித்தோமே, அதைத் திருப்பிச் செய்யும் வேலை எந்த நூலகச் சார்புக்கும் தெரியாது. இதை விளக்கத்தில் எழுதி வைத்தால் பிள்ளை அதைச் சார்பிடம் எதிர்பார்க்காது.

ஒன்றுபோல இருக்கும், ஒன்றாகாது

வகுப்பு இருக்கும் ஊரின் பெயரே ஒரு பாடம். ‘கொக்குவில்’ என்பதில் கொ வை இரண்டு விதமாக எழுதலாம். க வும் 3018 என்ற ஒற்றைக் குறியும் ஒரு விதம். க, ஒற்றைக் கொம்பு 3014, கால் 3006 என்று மூன்றாக வைப்பது இன்னொரு விதம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. முதலாவதற்கு லென் 10, இரண்டாவதற்கு 11. இரண்டும் சமமா என்று கேட்டால் இல்லை என்று வரும். பழைய எழுத்துரு மாற்றிகளில் இருந்து வந்த கோப்புகளில் இரண்டாவது விதம் வரும். முகவரிப் பட்டியலில் கொக்குவில் ஆட்களைத் தேடினால் பாதிப்பேர் காணாமல் போவார்கள், ஏன் என்று யாருக்கும் தெரியாது.

இதற்கு மருந்து உண்டு. பைதனில் யூனிகோட்டேட்டா தொகுதியில் நோர்மலைஸ் என்ற சார்பு இருக்கிறது, ஜாவாஸ்கிரிப்டில் சரத்துக்கே அந்தச் சார்பு உண்டு. சேர்த்து எழுதும் வடிவத்துக்கு மாற்றச் சொன்னால் 3014 உம் 3006 உம் சேர்ந்து 3018 ஆகிவிடும். ஒப்பிடுவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும் என்று ஃபைண்ட், ரிப்ளேஸ், சமக்குறி மூன்றின் விளக்கத்திலும் எழுதியிருக்கிறேன். திரும்பத் திரும்ப வருகிறதே என்று ஒருவர் சொன்னார். ஆவணத்தை யாரும் முதல் பக்கத்திலிருந்து வாசிப்பதில்லை, தேவையான சார்பின் பக்கத்துக்கு நேரே போவார்கள். அங்கே இல்லாவிட்டால் எங்கும் இல்லை.

நோர்மலைஸால் ஆகாததும் இருக்கிறது. கௌரி என்று எழுத வேண்டியதைக் கெளரி என்று எழுதுவது: கெ போட்டு, பக்கத்தில் ள. பல எழுத்துருக்களில் பார்வைக்கு ஒன்றேதான். முதலாவது 4 குறியெண், 2 எழுத்து. இரண்டாவது 5 குறியெண், 3 எழுத்து. இது குறிமுறையின் கோளாறு இல்லை, தட்டுகிறவர் விட்ட பிழை. அதனால் எந்தச் சார்பும் தானாகத் திருத்தாது.

அப்பர், லோவர் பற்றி முதலில் ஒரு வரியோடு விட்டிருந்தேன்: தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்லாததால் சரம் அப்படியே திரும்பி வரும். யூனிகோட்டுக்கு அது முழு உண்மை. ஆனால் இங்கே அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்புகள் இன்னும் நிறையக் கிடக்கின்றன. பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் குந்தியிருக்கும். க இருப்பது சின்ன எஃப் இல், கு இருப்பது பெரிய எஃப் இல். சரத்தின் முதலெழுத்தைப் பெரிதாக்கும் கேப்பிட்டலைஸ் சார்பு அந்தக் கோப்பில் ஓடினால் ‘கடல்’ ‘குடல்’ ஆகிவிடும், ‘மகன்’ ‘முகன்’ ஆகிவிடும். சார்புக்கு அது ஆங்கிலம் என்றுதான் தெரியும். ஆகவே விளக்கத்தில் இன்னொரு வரி சேர்ந்தது: சரம் யூனிகோட்டா, பாமினியா என்று முதலில் பாருங்கள், பாமினி என்றால் மாற்றிவிட்டு வாருங்கள்.

முதலெழுத்து, கடைசி எழுத்து, வரிசை

எனக்கே நடந்தது ஒன்று. ஒரு பாடசாலைக்குப் புள்ளிப் பட்டியல் அச்சிடும் நிரல் எழுதிக் கொடுத்தேன். தகப்பன் பெயரின் முதலெழுத்தைப் பிள்ளையின் பெயருக்கு முன் போட வேண்டும். 0 ஆம் இடத்தை எடு என்று எழுதிவிட்டேன். சிவலிங்கம், சுப்பிரமணியம், செல்லத்துரை மூவரின் பிள்ளைகளுக்கும் ‘ச’ என்றே விழுந்தது. அச்சிட்ட தாள்கள் கைக்குக் கை போன பிறகுதான் ஒரு தாய் கண்டுபிடித்தார். ஒரு பிள்ளையின் பெயரைப் பிழையாக அச்சிட்டுக் கொடுப்பது சின்ன விசயம் இல்லை. அன்றைக்கு எனக்கு அது நன்றாக உறைத்தது.

பைதனின் ரீ தொகுதியில் எழுத்துக் கொத்தைப் பிடிக்க வழி இல்லை. ரெஜெக்ஸ் என்ற வெளித்தொகுதியில் உண்டு. ஓப்பன் தமிழ் என்ற திறந்த மூலத் தொகுதியில் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் சார்பே இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் இன்டில் செக்மென்டர் அதைச் செய்யும். 2024 இல் ஃபயர்ஃபொக்சிலும் வந்த பிறகு உலாவிகளில் தயங்காமல் பாவிக்கலாம்.

சரத்தைத் திருப்புவதும் இதே கதை. நாங்கள் ‘தேதி’ என்பதில்லை, ‘திகதி’ என்போம். தி, க, தி. முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் ஒன்று. ஆனால் குறியெண்களைத் திருப்பினால் விசிறி முதலில் வந்து, ஏறிக்கொள்ள எழுத்து இல்லாமல், ஒரு புள்ளி வட்டத்தின் மேல் தொங்கிக்கொண்டு நிற்கும். நிரல், இது இருவழிச் சொல் இல்லை என்று சொல்லும். எழுத்துகளாகப் பிரித்துவிட்டுத் திருப்பினால்தான் திகதி திகதியாக வரும்.

வரிசைப்படுத்துவதில் பிழை வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும். புங்குடுதீவு, புத்தூர், புலோலி, புன்னாலைக்கட்டுவன். நாம் படித்தது ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்ற வரிசை, ன கடைசி. யூனிகோட் சட்டகத்தில் ன, ந வுக்குப் பக்கத்தில், ப வுக்கும் முன்னால் இருக்கிறது. ற வும் ர வுக்குப் பக்கத்தில். வெறும் சோர்ட் போட்டால் புன்னாலைக்கட்டுவன் புலோலிக்கு முன்னால் வந்து நிற்கும். நாலு பெயரில் தெரியாது. நாலாயிரம் பெயரில், தேடுகிறவர் தன் ஊர் பட்டியலில் இல்லை என்று நினைத்துப் போய்விடுவார். தமிழ் என்று மொழியைச் சொல்லி ஒப்பிடும் வசதி, ஜாவாஸ்கிரிப்டில் இன்டில் கொலேட்டர் மாதிரி, வேண்டும். சோர்ட் பற்றிய விளக்கத்தில் இது முதல் வரியாக வர வேண்டும் என்பது என் கட்சி.

இப்போது ஃபைண்ட் சார்புக்கு என் குறிப்பில் இருப்பது இது:

“ஒரு சரத்துக்குள் இன்னொரு சரத்தைத் தேடும். கண்டால் அது தொடங்கும் இடத்தின் எண்ணைத் தரும். எண்ணுவது குறியெண்களை, 0 இலிருந்து. காணாவிட்டால் -1 தரும், பிழை எழுப்பாது. வெறுஞ்சரத்தைத் தேடினால் 0 தரும். ‘யாழ்ப்பாணம்’ என்பதில் ‘பா’ வைத் தேடினால் 6. எழுத்தாக எண்ணினால் அது 3 ஆம் இடம். வெறும் ‘ப’ வைத் தேடினால் 4; அங்கே இருப்பது ப் என்ற மெய்யின் முதல் துண்டு. தேடுவதற்கு முன் இரண்டு சரத்தையும் நோர்மலைஸ் செய்யவும். -1 வந்ததா என்று பார்க்காமல் அந்த எண்ணை இடமாகப் பாவித்தால், பைதன் கடைசிக் குறியெண்ணை எடுத்துத் தரும். ‘யாழ்ப்பாணம்’ என்றால் அது வெறும் புள்ளி.”

ஆங்கில மூலத்தை விட நீளம். பாதி வரிகள் அங்கே இல்லாதவை. மொழிபெயர்ப்பு என்று இதை யாரிடமும் காட்ட முடியாது. ஆனால் இந்தப் பக்கத்தை வாசித்த பிள்ளைகள் யாரும் பதினொன்று எப்படி வந்தது என்று திரும்பக் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் இன்னும் முடியவில்லை. எழுத்துகளாகப் பிரிக்கும் சார்புக்கு விளக்கம் எழுதும்போது ‘லக்ஷ்மி’ என்று ஓர் உதாரணம் போட்டேன். ஸ்விஃப்ட் 4 என்று தரும்: ல, க், ஷ், மி. வகுப்பில் பாதிப்பேர் மூன்று என்றார்கள். க்ஷ் ஒரே எழுத்துத்தானே என்று. மற்றப் பாதிப்பேர் க் வேறு, ஷ் வேறு என்றார்கள். பின் வாங்குப் பிள்ளை இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுத் தன் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் எழுதியதை அப்படியே குறிப்பில் சேர்த்திருக்கிறேன்: “க்ஷ வை இந்தச் சார்பு 2 என்று எண்ணும். உங்களுக்கு அது 1 என்றால், பிரிப்பதற்கு முன் அதைத் தனியாகக் கவனிக்கவும்.”